சம்பந்தி ஒட்டிக்கொண்ட சோபா

எனக்குக் கைவேலை வராது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு அறுபது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. என் குடும்பத்தார் ஒரே பிற்பகலில் தெரிந்துகொண்டார்கள்.

எனக்கு வருவது எண்ணிக்கை. பஸ் நிற்கும் இடத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு எத்தனை அடி, கூரையில் எத்தனை ஓடு, அதில் விரிசல் விட்டது எத்தனை, எல்லாம் விரல்நுனியில் இருக்கும். (இன்றைக்கும் மாத்திரையை மூன்று முறை எண்ணிவிட்டுத்தான் விழுங்குகிறேன். மருமகள் அதற்கும் ஒரு மாத்திரை இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டிருக்கிறாள்.) எண்ணத் தெரிந்தவனுக்கு மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்று இருபத்து நான்கு வயதில் மனமார நம்பினேன். அந்த வயதில் நான் நம்பிய மற்ற விஷயங்களைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. ஓசூரில் தொழிற்சாலை என்று சொல்லிக்கொள்ள அப்போது பெரிதாக ஒன்றும் கிடையாது. குளிர் மட்டும் தாராளமாக இருந்தது. நான் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். அப்பா காலமாகி ஐந்து வருடம். வீட்டில் அம்மா, தங்கை சரோஜா, நான் என்று மூன்று பேர். உட்கார இரண்டு கோரைப்பாய், ஒரு முக்காலி. முக்காலிக்கு இரண்டே கால் கால்.

சரோஜாவைப் பெண் பார்க்க அதுவரை இரண்டு வரன்கள் வந்து போயிருந்தன. இரண்டாவது வரனின் பெரியப்பா, பாயில் உட்கார்ந்து எழ முடியாமல் எழுந்து, போகிற வழியில் எங்கள் மாமாவிடம், "பொண்ணு லட்சணமாத்தான் இருக்குது. ஆனா ஒக்கார ஒரு நாற்காலி இல்லாத வூட்ல எப்படிங்க சம்பந்தம் பண்றது?" என்று கேட்டாராம். மாமா அதை ஒரு எழுத்துகூடக் குறைக்காமல் எங்களிடம் வந்து சொன்னார். மாமாவின் நல்ல குணம் அது.

மூன்றாவது வரன் கெலமங்கலம். நிலம் உள்ள குடும்பம். பையன் திம்மராயன் பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். அவன் போட்டோவை மாமா கொண்டுவந்து கொடுத்தபோது சரோஜா ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பிறகு அரிசிப் பானை மூடிக்கு அடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கவனித்த வரை ஒரே நாளில் ஏழு முறை. அத்தனை முறை யாரும் அரிசி எடுக்கமாட்டார்கள். இந்த வரனும் நாற்காலிக்காகத் தட்டிப்போனால் அந்தப் பழியை நான் எங்கே கொண்டுபோய் இறக்குவது?

அந்தச் சமயம் சிங்காரப்பேட்டையில் மாமா வீட்டுக் காதுகுத்து வந்தது. அம்மாவும் சரோஜாவும் கிளம்பிப் போனார்கள். ஒன்பது நாள். அவர்கள் திரும்பிய மறுநாள் கெலமங்கலத்தார் வருவதாக ஏற்பாடு. ஒன்பது நாளில் வீட்டை அரண்மனையாக்கி அம்மாவைத் திகைக்க வைப்பது என்று முடிவு செய்தேன். திகைக்க வைத்தேன், அதில் குறை சொல்ல முடியாது.

பெங்களூர் ரோட்டில் கடை வைத்திருந்த ஒரு பாய், ஊரைவிட்டுப் போன வெள்ளைக்காரர்களின் பழைய சாமான்களை வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். மூலையில் இரண்டு பேர் உட்காரும் சோபா ஒன்று கிடந்தது. மரச்சட்டம் நன்றாகத்தான் இருந்தது. உட்காரும் இடத்துப் பிரம்புப் பின்னல் மட்டும் கிழிந்து தொங்கியது.

"இது ஆள் ஒக்காந்தா தாங்குமா பாய்?"

"தொரை ஒக்காந்த சோபா சார் இது. தொரை யானை மாதிரி இருப்பாரு."

"அப்ப பிரம்பு ஏன் கிழிஞ்சிருக்குது?"

"அதான் சொன்னேனே சார், யானை மாதிரி இருப்பாரு."

இந்தப் பதிலில் ஏதோ இடிக்கிறது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. வாங்கிவிட்டேன்.

சோபாவின் கைப்பிடியில் பாய் சுற்றிக் கொடுத்த தாள் ஒரு ஆங்கிலப் பெண்கள் பத்திரிகையின் பக்கம். அதில் ஒரு வெள்ளைக்காரி, பழைய பீரோ ஒன்றின் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். பழைய மரச்சாமானைக் குறைந்த செலவில் புதிதாக்கும் வழி: உப்புத்தாளால் தேய், பெயிண்ட் அடி, பூ, பறவைப் படங்களைக் கத்தரித்து ஒட்டு, மேலே ஒன்று காய்ந்தபின் ஒன்றாக ஐந்து கை வார்னிஷ் பூசு. அவ்வளவுதான். நாலே வரி. பரீட்சையில் இதைவிடக் கடினமான கேள்விக்கெல்லாம் பதில் எழுதியிருக்கிறேன் என்று நினைத்தேன்.

தேய்த்தேன். உப்புத்தாள் ஆறு, விரலில் கொப்புளம் நான்கு. பிரம்பை எடுத்துவிட்டு, தேயிலைப் பெட்டிப் பலகையை வெட்டி ஆணி அடித்தேன். (இருபத்தாறு ஆணி. உள்ளே போனது பதினேழு.) பச்சை பெயிண்ட் அடித்தேன். பலகையில் கொட்டை கொட்டையாக அச்சடித்திருந்த கறுப்பு எழுத்து, மூன்று கை பெயிண்டுக்குப் பிறகும் வெளியே எட்டிப்பார்த்தது. சரி, அதன்மேல் படம் ஒட்டிவிட்டால் போயிற்று.

ஆனால் பூ, பறவைப் படத்துக்கு ஓசூரில் நான் எங்கே போவேன்? வீட்டில் வண்ணப் படம் என்று இருந்தது சுவரில் மாட்டியிருந்த காலண்டர்கள்தான். வருடம் முடிந்தாலும் சாமி படத்தைத் தூக்கிப்போட அம்மாவுக்கு மனசு வராது. ஆகவே பதினோரு வருடத்துச் சாமிகள் வரிசையாக இருந்தார்கள். உற்றுப் பார்த்தேன். முருகனிடம் மயில் இருந்தது. சரஸ்வதியிடம் அன்னம். லட்சுமியிடம் நல்ல அகலமான செந்தாமரை.

சாமி படத்தை உட்காரும் இடத்தில் ஒட்டக்கூடாது என்கிற அளவுக்கு எனக்கு அறிவு இருந்தது. ஆகவே சாமியை விட்டுவிட்டு, சாமி உட்கார்ந்திருந்ததை மட்டும் எடுத்தேன். சவர பிளேடால் பதமாகக் கீறினேன். இரண்டு மயில், மூன்று அன்னம், நான்கு தாமரை. லட்சுமி விஷயத்தில் மட்டும் ஒரு சின்னச் சிக்கல். அம்மன் நின்ற கோலம். பாதங்கள் தாமரையில் பதிந்திருந்தன. அவற்றை வெட்டினால் பூவின் நடுவில் இரண்டு ஓட்டை விழும். பாதங்களைப் பூவோடு விட்டுவிட்டு, கணுக்காலுக்கு மேல் அம்மனை வெட்டி எடுத்தேன். பார்க்கிறவர்களுக்கு மகரந்தம் போலத் தெரியும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மிச்சக் காலண்டர்களைத் திரும்பச் சுவரில் மாட்டிவைத்தேன். எடுத்ததை இருந்த இடத்தில் வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு.

வஜ்ஜிரப் பசை காய்ச்சிப் படங்களை ஒட்டினேன். பலகை எழுத்தின்மேல் சரியாக அந்தத் தாமரை. அப்புறம் வார்னிஷ். ஐந்து கை பூசச் சொல்லியிருந்தாள் வெள்ளைக்காரி. என்னிடம் இருந்தது இரண்டு கைக்குத்தான் வரும். வகுத்துப் பார்த்தேன். வார்னிஷும் எண்ணெய் மாதிரிதான் இருந்தது, விளக்கெண்ணெயும் எண்ணெய் மாதிரிதான் இருந்தது, இரண்டும் பளபளத்தன. பாதிக்குப் பாதி கலந்தேன். ஐந்து கை வந்தது. ஒரு சொட்டு மிச்சமில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு சரியாக வந்த கணக்கு வேறு கிடையாது.

ஒன்பதாம் நாள் அம்மா, சரோஜா, கூடவே மாமா மூவரும் வந்து இறங்கினார்கள். அம்மா சோபாவைப் பார்க்கவில்லை. வழக்கம்போல் சுவரைப் பார்த்துக் கும்பிடக் கையைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். முருகன் அந்தரத்தில் உட்கார்ந்திருந்தார். சரஸ்வதி வீணையோடு காற்றில் மிதந்தாள். லட்சுமிக்குக் கணுக்காலோடு சரி.

"டேய், சாமிக்கெல்லாம் என்னாடா ஆச்சு?"

நான் பெருமையோடு சோபாவைக் காட்டினேன்.

அம்மா பதினோரு காலண்டரையும் கழற்றிச் சுருட்டி உள்ளே கொண்டுபோய் வைத்தார். வெளியே வந்து தாமரையைப் பார்த்தார். பாதத்தையும் பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். மகரந்தம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"இதை உரிச்சு எடுடா."

வஜ்ஜிரம். நகம்தான் உரிந்தது.

"அப்ப மேல ஒரு துப்பட்டி போட்டு மூடு. பாவி, மூடினா மட்டும் சாமிக்குத் தெரியாதா?"

"சாமிக்குத் தெரியும்மா. கெலமங்கலத்துக்காரங்களுக்குத் தெரியாது," என்றேன்.

மாமா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. சரோஜா சோபாவை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "ண்ணா, இது இன்னும் ஈரமா இருக்குதே," என்றாள். "அது ஈரமில்ல, பளபளப்பு," என்று விளக்கினேன். கழுவிக் கழுவி வலைபோல் ஆகிவிட்ட ஒரு வெள்ளைத் துப்பட்டியை அம்மா மேலே விரித்தார்.

மறுநாள் மூன்று மணிக்கு அவர்கள் வந்தார்கள். திம்மராயன், அவன் அப்பா, அம்மா, மூன்றே பேர். ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகு காலம் தொடங்குவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று பெரியவர் வாசலிலேயே சொல்லிவிட்டார். பாய் சொன்ன அந்த யானைத் துரையை நான் பார்த்ததில்லை. பெரியவரைப் பார்த்ததும், பார்த்துவிட்டது போல் இருந்தது.

"ஒக்காருங்க, சோபால ஒக்காருங்க," என்று மாமா சோபா என்ற சொல்லை அழுத்திச் சொன்னார்.

பெரியவர் உட்கார்ந்தார். தாமரைப் பக்கம்தான். அவர் மனைவி, தரைதான் சௌகரியம் என்று கோரைப்பாய்க்குப் போய்விட்டார். பாயைக் கொடுத்தே அந்த அம்மாளைத் திருப்தி செய்திருக்கலாம் என்பது அப்போதுதான் தெரிந்தது. திம்மராயன் முக்காலியில் உட்கார்ந்து, அது சாயச் சாயத் தானும் எதிர்ப்பக்கம் சாய்ந்து சமாளித்தான். ஃபிட்டர் அல்லவா.

எல்லாம் நன்றாகவே நடந்தது. சரோஜா காப்பி கொண்டுவந்தாள். பெரியவர் ராகி விளைச்சலைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். நாற்பது நிமிடம், அவ்வளவு எடை, அவர் உடம்புச் சூடு, அடியில் விளக்கெண்ணெய் கலந்த வார்னிஷ். பள்ளியில் ரசாயனமும் கொஞ்சம் படித்திருக்கலாம்.

நாலேகாலுக்குப் பெரியவர் தொண்டையைக் கனைத்தார். "சரிங்க. ஊருக்குப் போயிட்டு ஒரு கடுதாசி போடறோம்."

எங்களுக்குத் தெரிந்த வாக்கியம்தான் அது. முன்னே வந்த இரண்டு வரனும் இதையே சொன்னார்கள். எந்தக் கடுதாசியும் வரவில்லை. சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு வளையல் சத்தம் நின்றுபோனது.

பெரியவர் எழுந்தார். அதாவது, எழ முயன்றார். சோபாவின் முன்கால் இரண்டும் அவரோடு எழுந்தன.

பதற்றம் வந்தால் அவருக்குக் கன்னடம் வந்துவிடும் போலிருக்கிறது. "ஏனப்பா இது! ஏனப்பா இது!" என்றார். இது என்னப்பா என்று அர்த்தம். மறுபடி உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். சோபாவும் எழுந்தது.

"இன்னாங்க, போலாமா வேண்டாமா?" என்றார் அவர் மனைவி.

"நான் வரேன்டி. இது வுடமாட்டேங்குது!"

துப்பட்டியைக் குடித்துவிட்டு வார்னிஷ் வேட்டிக்கு வந்திருந்தது. நான் சோபாவைப் பிடித்துக்கொண்டேன். மாமா பெரியவரைப் பிடித்து இழுத்தார். திம்மராயன் மாமாவைப் பிடித்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியது நான்தான். (வேறு யார்?) மூன்றில் பெரியவர் வந்துவிட்டார். வேட்டி வரவில்லை. பாதி வேட்டி சோபாவில் இருந்தது. மாமா தன் மேல்துண்டை எடுத்துச் சுற்றியிராவிட்டால் இதை நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

சமையலறையில் யாரோ வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரிக்கும் சத்தம் கேட்டது. திம்மராயன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

அவன் அம்மா பார்த்தது வேறு. விலகிப்போன துப்பட்டிக்கு அடியில் செந்தாமரை, அதன்மேல் இரண்டு பாதம். மெட்டிகூடத் தெளிவாக இருந்தது.

"அய்யோ, இவ்வளவு நேரம் எது மேலங்க ஒக்காந்திருந்தீங்க?"

பெரியவர் குனிந்து பார்த்தார். ஒரு கையால் துண்டைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "யாருப்பா இதைச் செஞ்சது?"

மூன்று விரல்கள் என்னைக் காட்டின. அதில் ஒன்று என் அம்மாவுடையது.

"ராகு காலம் வந்துடும். கிளம்புடா," என்று மகனிடம் சொன்னார் பெரியவர். முகம் இருண்டிருந்தது. சம்பந்தம் முறிந்தது. கடுதாசி போடுகிறோம் என்ற பொய்கூட இனிமேல் கிடைக்காது. ஆனால் துண்டோடு கெலமங்கலம் பஸ் ஏற முடியாதே. வாசல் வரை வேகமாகப் போனவர் அங்கேயே நின்றார். "வூட்ல ஒரு வேட்டி இருக்குதுங்களா?" என்றார், தெருவைப் பார்த்தபடி.

எனக்கு இருந்த மூன்று வேட்டியில் இரண்டு பச்சை பெயிண்ட். மூன்றாவது என் இடுப்பில். பெட்டியில் ஒரு புது வேட்டி இருந்தது, என் கல்யாணத்துக்கு ஆகட்டும் என்று அம்மா வாங்கிவைத்த சரிகைக்கரை. அம்மா அதைத்தான் எடுத்தார். சம்பந்தி முறைக்கு வந்த மனிதருக்குப் புதுத்துணியை வெறுங்கையில் எப்படிக் கொடுப்பது? நான்கு முனையிலும் மஞ்சள் தடவினார். தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், மேலே வேட்டி. குங்குமத்தையும் மறக்கவில்லை.

பெரியவருக்கு அப்போது தட்டு தெரியவில்லை, வேட்டிதான் தெரிந்தது. இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார். கட்டிக்கொண்டு, பதற்றத்தில் தேங்காயையும் வெற்றிலையையும் கையிலேயே பிடித்தபடி நடந்தார்.

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டுத் தட்டிலிருந்து பிள்ளையின் தகப்பன் வேட்டி வாங்கிக் கட்டிக்கொண்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கெலமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியவரைப் பார்த்து ஊரே, "என்னாங்க, நிச்சயமே முடிஞ்சுடுச்சா? சொல்லவே இல்லையே!" என்று சூழ்ந்துகொண்டதாம். சோபாவில் ஒட்டிக்கொண்டு வேட்டியை விட்டுவிட்டு வந்தேன் என்று ஒரு பெரிய மனிதர் கடைவீதியில் நின்று சொல்ல முடியுமா? "ஆமாம்பா, முடிஞ்சுது," என்றாராம். நான்கு நாளில் கடுதாசி வந்தது. கல்யாணத்துக்கு நாள் குறிக்கச் சொல்லி.

அம்மா அந்தத் தட்டைத் தெரிந்தே எடுத்தாரா, பழக்கத்தில் எடுத்தாரா என்று கடைசி வரைக்கும் கேட்டேன். "உனக்குச் சோபா பண்ணத் தெரியும், எனக்குத் தட்டு எடுக்கத் தெரியாதா?" என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து வரவில்லை.

சரோஜாவும் திம்மராயனும் ஐந்து பிள்ளைகள் பெற்றார்கள். வீட்டில் சண்டை வந்தால் திம்மராயன் சொல்லும் வாக்கியம் ஒன்றுதான். "எங்கப்பா மட்டும் அன்னைக்கு ஒழுங்கா எந்திரிச்சிருந்தா!" அதற்குச் சரோஜாவின் பதிலும் ஒன்றுதான். "எந்திரிக்க வுட்டுடுவமா?" என் காதுபட இருநூறு தடவைக்குக் குறையாது.

போன மாதம் என் பேத்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். கடையில் வாங்கிய புது சோபா. சரோஜா வீட்டார் ஒன்பது பேரும் உட்காருவதற்கு முன் ஆளுக்கொரு விரலால் அதைத் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். ஏன் என்று பிள்ளை வீட்டார் கேட்டார்கள். ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். நான் அறையிலேயே இருந்தேன், அதற்காக யாருக்கும் ஒரு தயக்கமும் இல்லை. கதை முடிந்து, சிரிப்பு அடங்கி, பிள்ளையின் தகப்பனார் கிளம்புவதற்காக எழுந்தார். எழும்போது தன் பேண்ட்டின் பின்புறத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

அவரும் சம்பந்தியாகிவிட்டார்.