சின்ன மருமகனின் ஜெனீவாப் பயணத்துக்கு ஒரு தடை

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி
24-9-74

கொழும்பு மாநகரில் கடை நடத்திவரும் என் பெருமதிப்புக்குரிய மாமா மரியான் பர்னாந்து அவர்கள் சமூகத்துக்கு, மூத்த மருமகன் இஞ்ஞாசி பணிவோடு எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் மூத்த மகள் பிலோமியும் பிள்ளைகளும் பனிமய மாதா புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். அங்கே தங்கள் சுகமும், கடையின் சுகமும், மாமியின் முட்டுவலியின் சுகமும் அறிய ஆவல். யார் மீதும் பொறாமைப்பட்டு இக்கடிதத்தை நான் எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொறாமை என் சுபாவத்திலேயே கிடையாது. தங்கள் இளைய மருமகன் ஹென்றியைப் பற்றிச் சில உண்மைகள் தங்களுக்குத் தெரிந்திருப்பது குடும்பத்துக்கு நல்லது, அவ்வளவுதான்.

நானும் அவனும் சுகாதார ஆபீசில் ஒரே மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, கப்பல்காரர்களுக்கும் கரையோரத்து ஜனங்களுக்கும் ஊசி போடுகிறவர்கள் என்பது தாங்கள் அறிந்ததே. எங்கள் டாக்டர் பேருக்கு அனைத்துலகத் தடுப்பூசி ஆராய்ச்சிக் கூட்டமைப்பு என்ற சங்கத்திலிருந்து ஒரு பத்திரிகை வரும். முன்பக்கம் முழுக்கச் செய்திகள். எந்த நாட்டிலோ குரங்குக்கு ஊசி போட்டு அதன் நலம் விசாரிக்கிறார்களாம், எந்த நாட்டிலோ காலரா மருந்தைக் குடிக்கவே கொடுத்துப் பார்க்கிறார்களாம். பின்பக்கம் வாய்ப்புகள். டாக்டர் அதைப் பிரிப்பதே இல்லை, படிக்கிறவன் நான் ஒருவன்தான். போன மாசி மாதம் வந்த பத்திரிகையில், வெப்பமான துறைமுக ஊர்களில் ஊசி போடுகிறவர்களில் ஒருவரை ஜெனீவாவுக்கு அழைத்து மூன்று மாதம் பயிற்சி கொடுக்கப் போவதாகவும், உங்கள் ஊர் ஜனங்களை ஊசிக்கு எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள் என்று கட்டுரை எழுதி அனுப்பும்படியும் போட்டிருந்தார்கள். பத்திரிகை கசங்கிவிடக் கூடாதே என்ற ஒரே அக்கறையில் அதை மருந்து வைக்கும் ஐஸ் பெட்டிக்கு அடியில் பத்திரப்படுத்தினேன். ஆனால் வீட்டுக்கு வந்து பிலோமியிடம் சொல்லித் தொலைத்தேன். அவள் மறுநாள் காலை மீன் வாங்கப் போன இடத்தில் தன் தங்கை பிளாரன்ஸைப் பார்த்திருக்கிறாள். நான் ஆபீசுக்குப் போய்ச் சேருமுன் ஹென்றி ஐஸ் பெட்டியைத் தூக்கிப் பத்திரிகையை எடுத்துவிட்டான்.

இருவரும் கட்டுரை அனுப்பினோம். நான் என் சேவை, ஒழுக்கம், குடும்பப் பின்னணி, தங்கள் கொழும்புக் கடை எல்லாவற்றையும் விரிவாக எழுதினேன். அவன் எழுதியது ஒரே சங்கதி. ஞாயிற்றுக்கிழமை நம் ஆட்கள் கடலுக்குப் போகமாட்டார்கள், அன்றைக்குக் கோவில் வாசலிலே ஊசி மேசையைப் போட்டுவிட்டால் பூசை முடிந்து வருகிறவன் ஒருத்தனும் தப்ப முடியாது, பங்குச்சாமியே முதலில் கையை நீட்டிவிட்டால் மறு பேச்சே கிடையாது. அவன் யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் மாமா, அந்த மேசையை ஆபீசிலிருந்து கோவில் வாசல் வரைக்கும் தலையில் சுமந்து வந்தது யார்? நான். கட்டுரையில் மேசையைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா?

ஜெனீவாக்காரர்கள் அவனைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அவன் போக முடியாமல் போனால் அடுத்தது நான் என்றும் கீழே எழுதியிருந்தார்கள். அந்தக் 'கீழே' என்ற வார்த்தையை மட்டும் எத்தனை தடவை எடுத்துப் படித்தேன் என்று கடிதத்தில் எழுத முடியாது. பிளாரன்ஸ் எங்கிருந்தோ ஒரு கம்பளிக் கோட்டு வாங்கி வந்தாள். நம்ம ஊர் வெயிலில் அவன் அதை மாட்டிக்கொண்டு கடற்கரையில் நடக்கிறான். கேட்டால் பழகிக்கொள்கிறானாம். லேஞ்சிக் கைக்குட்டையால் வேர்வையைத் துடைத்துத் துடைத்துப் பிழிகிறான். ஊரே நின்று அவனுக்கு வணக்கம் சொல்கிறது. எனக்கு யாரும் சொல்வதில்லை, நானும் பக்கத்தில்தான் நிற்கிறேன்.

போன ஞாயிறு பூசையில்தான் வினை வந்தது. கல்யாணம் நிச்சயமானவர்களின் பெயரை ஊரறியச் சொல்லும் ஓலையைச் சாமி வாசித்துக்கொண்டே வந்தார். ஹென்றியின் மீது அவருக்கு இருந்த பெருமையில், அதே மூச்சில், நம் பங்கைச் சேர்ந்த ஹென்றி ஜெனீவாவோடு சேரப் போகிறார் என்றும் வாசித்துவிட்டு, வழக்கம்போல, இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று முடித்தார். கடமை என்று சாமியே சொன்ன பிறகு நான் உட்கார்ந்திருந்தால் அது பாவமாகிவிடாதா? எழுந்தேன். "தடை உண்டு சாமி" என்றேன். கோவிலே திரும்பிப் பார்த்தது. பெண்கள் பக்கத்திலிருந்து செல்லக்கனி அக்கா, "ஏளா, பிளாரன்ஸு கல்லு மாதிரி இருக்கையில இவன் எவளக் கெட்டப் போறான்? ஜெனீவாங்கவ யாரு மவ?" என்று கேட்டது எல்லோர் காதிலும் விழுந்தது.

"என்னடே தடை?" என்றார் சாமி.

"வெளிநாடு போறவன் அம்மை ஊசியும் காலரா ஊசியும் போட்டு, போட்டதுக்கு அத்தாட்சியா மஞ்சள் அட்டை வாங்கணும் சாமி. இவன் ஊருக்கெல்லாம் குத்துதானே தவிர, பச்சப்பிள்ளையில அம்மை குத்துனதுக்கப்புறம் ஒரு ஊசி வாங்குனதில்ல. ஊசின்னா இவனுக்கு உசிரு போயிரும்."

"அவ்வளவுதானா? நாளைக்கு நீயே போட்டு விட்டுரு" என்றார் சாமி.

நேற்றுத் திங்கட்கிழமை. ஊரில் பாதிப் பேர் கடலுக்குப் போகாமல் ஆபீஸ் வாசலில் கூடிவிட்டார்கள். ஹென்றி கோட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நான் ஊசியை எடுத்தேன். "அத்தான், பைய குத்துங்க. அவுகளுக்குத் தோலு மெலிசு" என்றாள் பிளாரன்ஸ். அவன் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. "அண்ணே, நேத்து நண்டு தின்னேன், வயிறு ஒரு மாதிரி கெடக்கு. நாளைக்கு வச்சிக்கிடுவோம்" என்றவன், கோட்டை நாற்காலியிலேயே விட்டுவிட்டுக் கொல்லை வழியாகப் போனான். இன்று காலையும் ஆபீஸ் பக்கம் வரவில்லை.

ஆகவே மாமா, பயந்த பிள்ளையைக் கட்டாயப்படுத்துவது தர்மமல்ல. "ஹென்றி, நீ ஊரிலேயே இரு, பிளாரன்ஸைத் தனியே விடாதே, இஞ்ஞாசி போகட்டும்" என்று தாங்கள் ஒரு வரி எழுதினால் போதும். இது எனக்காக அல்ல, அவனுக்காக. மாமிக்கு என் தோத்திரம். தாங்கள் இருவரும் நீடூழி வாழ வேண்டுமென்று அனுதினமும் செபமாலையில் நினைத்துக்கொள்ளும்,

தங்கள் மூத்த மருமகன்
ச. இஞ்ஞாசி பர்னாந்து

பி.கு.: மாமா, மேலே எழுதியதையெல்லாம் படித்திருந்தால் மறந்துவிடவும். சாயங்காலம் ஹென்றி தானாகவே ஆபீசுக்கு வந்து, ஜெனீவா வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். போகப் போவது நான்தான். அவன் தங்கமான பையன், அவனுக்குத் தாங்கள் எதுவும் எழுத வேண்டாம். ஆனால் எனக்கும் இரண்டு ஊசியும் புதிதாகப் போட்டாக வேண்டுமாம். ஆபீசில் ஊசி போடுகிறவர்கள் நானும் ஹென்றியும் மட்டும்தான். டாக்டரிடம் நீங்களே போடுங்கள் என்று கெஞ்சினேன், "ஹென்றி இருக்கானே" என்று சொல்லிவிட்டார். நாளைக் காலை எனக்கு நாள் குறித்திருக்கிறது. அவன் இப்போதே அடுப்பை மூட்டி, ஒவ்வொரு ஊசியாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்துத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைக்கிறான். இருப்பதிலேயே பருமனானதைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறான். அவன் முகத்தில் பொறாமை அப்பட்டமாகத் தெரிகிறது மாமா, மனிதனுக்கு இப்படியும் ஒரு குணமா? "அண்ணே, நாளைக்கு நண்டு தின்னுராதீய" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கிறான். எனக்குப் பயமெல்லாம் ஒன்றுமில்லை. ஆனாலும் இக்கடிதம் கிடைக்கும்வரை காத்திராமல், எப்படியாவது தெரிந்துகொண்டு, அவனுக்கு இன்றைக்கே ஒரு தந்தி அடியுங்கள், பைய குத்தச் சொல்லி. நான் சொன்னால் அவன் கேட்கமாட்டான்.