தலைவருக்கு ஒரு தோடு

காலையில் எழுந்தான். பால் காய்ச்சினான். இரண்டு டம்ளரில் ஊற்றினான். ஒன்று போதும் என்று அப்புறம் நினைவு வந்து, இரண்டையும் தானே குடித்தான். குளியலறைக் கண்ணாடியின் மேல் துண்டு தொங்கியது. மனைவி போனதிலிருந்து அங்கேதான் தொங்குகிறது. அதை விலக்காமல், விரலால் தடவித் தடவியே முகம் மழித்தான். பதக்கங்களுக்கு முகம் செதுக்குகிறவனுக்கு விரல் நுனியிலும் கண் உண்டு. கதவைப் பூட்டினான், சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினான். பேருந்தில் எதிர் இருக்கைக் குழந்தை அவனைப் பார்த்துச் சிரித்தது. குழந்தைகள் பொதுவாகச் சந்தோஷமானவர்கள் என்று நினைத்தபடி காதுக்குக் கீழே சொறிந்துகொண்டான்.

பட்டறையில் முதலாளி, ஈயத்தில் அடித்த மாதிரிப் பதக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, இது யாரு?"

"நீச்சல் கழகத் தலைவர், சார்."

"அவருக்கு எப்ப காது குத்தினாங்க?"

அவன் வாங்கிப் பார்த்தான். தலைவரின் காதுக்குக் கீழே மொச்சை போல ஒரு சின்ன மேடு இருந்தது.

அவன் ஆச்சரியப்படவில்லை. மனைவி ஒற்றை முத்துத் தோடு போட்டிருப்பாள். அவள் போனபிறகு அவன் செதுக்கிய முகங்களிலெல்லாம் அந்த முத்து வந்துகொண்டிருந்தது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியருக்கு வந்தது. பந்தயக் குதிரைக்குக்கூட வந்தது. குதிரையை யாரும் காதுவரை பார்க்கவில்லை, தப்பித்தான்.

"சரி பண்ணிடறேன் சார்."

"பண்ணு. சாயங்காலம் தலைவரே பாக்க வர்றார். இதுவும் சொதப்பினா, நாளையிலேர்ந்து நீ பின்பக்கம்தான்."

பதக்கத்துக்கு முன்பக்கம் முகம். பின்பக்கம் இலை, எழுத்து, வருஷம். சம்பளம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் இலைக்குக் காது கிடையாது. வீட்டில் அவள் இல்லை, கனவிலும் வரவில்லை, எஃகில் மட்டும்தான் வந்துகொண்டிருந்தாள். பின்பக்கம் போனால் அதுவும் போச்சு. இதை முதலாளியிடம் எந்த வாயால் சொல்வது?

பதக்கம் அடிக்கும் எஃகு அச்சை எடுத்து மேஜையில் வைத்துக் குனிந்தான். அச்சில் எல்லாம் தலைகீழ் நியாயம். மேடு வேண்டுமென்றால் குழி தோண்ட வேண்டும். இடது வலதாகும். அதனால் மேஜையில் ஒரு வட்டக் கண்ணாடி உண்டு. அச்சை அதில் காட்டித்தான் முகம் எப்படி விழும் என்று பார்ப்பான். அச்சை மட்டும் பார்ப்பான். விளக்கொளி எஃகுக் குழியில் தேங்கித் தளும்பும்போது, தண்ணீருக்கடியில் யாரோ கண்மூடிப் படுத்திருப்பதுபோல இருக்கும். அப்படியே நேரம் போய்விடும்.

சிக்கல் இதுதான்: எஃகில் தோண்டின குழியை மூட முடியாது. இன்னும் தோண்டலாம், அவ்வளவுதான்.

மேட்டை மறைக்க, அதைச் சுற்றித் தோண்டிக் கிருதா வைத்தான்.

அச்சடிப்பவருக்குப் பட்டறையில் 'சுத்தியல்' என்று பெயர். பேச்சும் அப்படித்தான். யந்திரத்தைத் தவிர யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கமாட்டார். ஈயத்தை வைத்து ஒரு அடி அடித்தார்.

"என்ன சார் இது, தலைவர் வழுக்கைன்னாங்க. காதுலேர்ந்து முடி தொங்குது?"

கிருதாவைத் தாடையோடு சேர்த்துத் தாடியாக்கினான். தாடி வந்ததும் தலைவரின் இரண்டாவது தாடை காணாமல் போனது. தாடை போனதும் ஆள் இளைத்துவிட்டார். இளைத்தவரின் கழுத்து கொக்குக் கழுத்தாக நின்றது. நீச்சல்காரர்தானே என்று கழுத்தில் ஒரு துண்டைப் போட்டான்.

முதலாளி அதைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தம்பி, பிள்ளையார் பிடிக்கக் குரங்கானாக்கூட நான் மன்னிப்பேன். குரங்குக்கு ஒரு ஜாடை இருக்கும். இவர் முடிவெட்டற கடையில முறைக்குக் காத்திருக்கறவர் மாதிரி இருக்காரு!"

"துண்டை வேணா..."

"துண்டை எடுப்பியா? எப்படி எடுப்பே? தோண்டித்தானே? தோண்டினா சால்வையாகும். அப்புறம் கம்பளியாகும். சாயங்காலம் தலைவரைப் படுக்கையில போட்டுத்தான் காட்டணும்!"

"சார், இன்னொரு எஃகுக் கட்டை குடுங்க. முதல்லேர்ந்து வெட்டறேன்."

"எதுக்கு? அதுக்கும் தோடு போடவா?"

அவன் ஈயப் பதக்கத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றான். தாடியும் துண்டும் போர்த்த பிறகும் அந்த மேடு மட்டும் அசையாமல் இருந்தது. களைத்த இமையும் ஏதோ சொல்ல வாயெடுத்த உதடும் அவளுடையவைதான். பட்டறைச் சத்தமெல்லாம் எங்கோ தூரத்தில், நீருக்கு மேலே கேட்டது.

"மாமா!"

மச்சினி வாசலில் நின்றாள். மாடி வீட்டில் குடியிருப்பவள், மனைவிக்கு ஒரே தங்கை. விரலில் சாவி ஆடியது.

"பூட்டிலேயே தொங்குது. திருடனுக்குக் காப்பியும் போட்டு வெச்சுட்டு வந்திருக்கலாமே?" என்றபடி வந்தவள், அவன் கையைப் பார்த்தாள். "என்ன மாமா அது?"

கொடுத்தான். மெல்லிய குரலில், "உங்கக்கா" என்றான். "எதைச் செதுக்கினாலும் அவதான் வர்றா. தோட்டைப் பாரேன்."

சுத்தியல் யந்திரத்தை நிறுத்தினார்.

மச்சினி பதக்கத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மறுபடி பதக்கத்தைப் பார்த்தாள். பிறகு அதை அவன் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்தாள்.

"அக்கா எங்க மாமா இதுல? இது நீங்க."

"நானா?"

"இமையைப் பாருங்க. தூங்கி எத்தனை நாளாச்சோ. உதட்டைப் பாருங்க. எதையோ சொல்ல வந்து முழுங்கற உதடு. வீட்டுலதான் கண்ணாடியை மூடி வெச்சிருக்கீங்க. இங்க நாள் பூரா இந்தக் கண்ணாடிக்கு முன்னாடிதானே குனிஞ்சு உக்காந்திருக்கீங்க?" வட்டக் கண்ணாடியை எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

சுத்தியல் முதல்முறையாக அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். "அட, ஆமா சார்! அச்சு அசல்!" சற்று யோசித்தார். "அப்ப அந்தக் குதிரை?"

"அதுவும் இவர்தான் போலிருக்கு" என்றார் முதலாளி.

கண்ணாடியில் ஒருவன் இருந்தான். கொஞ்சம் வயதானவன். காதுக்குக் கீழே வெள்ளையாக, காய்ந்து, மொச்சை அளவில் ஒரு பொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

"சோப்பு" என்றாள் மச்சினி. "கண்ணாடி பாக்காம மழிச்சா இப்படித்தான். தினமும் இருக்கு. நீங்களே துண்டை எடுப்பீங்கன்னு பாத்தேன்."

முதலாளி எழுந்துபோய் அலமாரியிலிருந்து புது எஃகுக் கட்டையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். "தலைவரை நாளைக்கு வரச் சொல்லிக்கறேன். முகத்தைக் கழுவிட்டு உக்காருய்யா."

அவன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவ சொன்னபடிதான் இருக்கேன்" என்றான். "'தைரியமா இருங்க'ன்னு. கடைசியா அதைத்தானே சொன்னா?"

மச்சினி கண்ணாடியைத் தாழ்த்தினாள்.

"அது நர்ஸ் சொன்னது மாமா. வராந்தாவுல. உங்களுக்கு அன்னிக்கு எது யார் சொன்னதுன்னே தெரியல."

"அப்ப அவ?"

"அன்னிக்குக் காலையில ஆஸ்பத்திரிக் குழாய்லயே மழிச்சுட்டு வந்து நின்னீங்க. அக்கா கண்ணைத் திறந்து உங்களையே பாத்தா. அவ வாய்க்கிட்ட குனிஞ்சிருந்த எனக்குத்தான் கேட்டுச்சு. உங்ககிட்ட சொல்லத் திரும்பறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு." கைக்குட்டையை எடுத்து அவனிடம் நீட்டினாள். "'காதுக்குக் கீழ சோப்பு இருக்கு, தொடைச்சுட்டு வாங்க'ன்னா."