ஏழாம் நம்பர் கோவிந்தசாமிகள்

வேகமாகச் செய்கிறேன் பேர்வழி என்று நான் கை வைத்த எதுவும் உருப்பட்டதில்லை. எங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் மாமாவின் லாட்ஜ் கதையைத்தான் முதலில் சொல்வார்கள்.

மாமாவுக்குச் செங்கம் ரோட்டில் எட்டு அறை லாட்ஜ். மலை சுற்ற வரும் பௌர்ணமிக் கூட்டத்தை நம்பித்தான் குடும்பமே ஓடியது. சென்னையில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்த திமிரில், அறை பதிவு செய்ய இணையதளம் கட்டிக்கொடுத்தேன். விவரமெல்லாம் எக்ஸ்எம்எல் கோப்பில். அதை வலைப்பக்கமாக மாற்றும் விதிகளுக்கு ஸ்டைல்ஷீட் என்று இன்னொரு கோப்பு. (எட்டு அறைக்கு! யார் கேட்டது?) மாமா என்னை நம்பிப் பதிவு நோட்டைப் பரணில் போட்டுவிட்டார்.

பௌர்ணமிக்கு ஒரு வாரம் முன்பு போன்.

"மாப்ள, இந்தப் பக்கம் தொறக்கறதுக்குள்ள மலைய ஒரு சுத்து சுத்திட்டே வந்துடலாம் போல!"

தளத்துக்கு யார் வந்தாலும் என் புரோகிராம் ஸ்டைல்ஷீட்டை முதல் வரியிலிருந்து மறுபடி படித்துக்கொண்டிருந்தது. ஒருமுறை படித்துச் சேமித்துக்கொண்டால் போதும். சேமித்தேன். ஆனால் அவசரத்தில் ஸ்டைல்ஷீட்டுக்குப் பதில், தயாரான பக்கத்தையே சேமித்துத் தொலைத்தேன். முதலில் பதிவு செய்தவரின் பக்கமே அப்புறம் வந்த அத்தனை பேருக்கும் போனது. (சோதித்துப் பார்த்தாயா என்று கேட்காதீர்கள். வேகத்தில் சொக்கிப்போயிருந்தேன்.)

பௌர்ணமி மதியம் நானே பெருமையாக வரவேற்பு மேஜையில் உட்கார்ந்தேன். பதினொரு குடும்பம் வந்தது. எல்லார் கையிலும் ஒரே காகிதம்: 'கோவிந்தசாமி, வேலூர், அறை எண் ஏழு.'

"பேரு வேறயா இருக்குதே, பாக்கலியாங்க?" என்றேன் ஒரு அம்மாவிடம்.

"கம்ப்யூட்டர்ல அப்படித்தான் வரும்னு நெனச்சோம்."

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒருவர் வந்தார். "நான்தாங்க கோவிந்தசாமி!"

"நாங்களுந்தான்!" என்றது கூட்டம்.

வேறு அறையும் இல்லை. மாமாவுக்கும் அதே ஒற்றைப் பதிவுதான் தெரிந்ததால், மற்ற ஏழு அறைகளையும் காலையிலேயே நேரில் வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டிருந்தார். என்னை ஏறெடுத்தும் பார்க்காமல் கூட்டத்தைக் கும்பிட்டார்.

"எல்லாரும் மலை சுத்தத்தானே வந்தீங்க? பையெல்லாம் ஏழுல வைங்க. குளிக்க எங்க வூட்டுக்கு வாங்க."

மாலைக்குள் ஏழாம் அறையில் கட்டிலே தெரியவில்லை. நிஜக் கோவிந்தசாமி வாசலில் நாற்காலி போட்டு, என்னை முறைத்தபடி பைகளுக்குக் காவல் இருந்தார். எனக்கு மானம் போயிற்று. மறுநாளே நோட்டு பரணிலிருந்து இறங்கியது.

என் கல்யாணத்துக்கு மாமா நோட்டைப் பார்த்துத்தான் அறை ஒதுக்கினார். எங்களுக்கு ஏழாம் நம்பர் சாவி.

"சீக்கிரம் தாப்பா போட்டுக்கோ மாப்ள. மிச்ச கோவிந்தசாமிங்க வந்துடப் போறாங்க!"

என் மனைவி இன்றுவரை என்னை அந்தப் பேரில்தான் கூப்பிடுகிறாள்.