நாற்பத்து மூன்றாவது வேலை

இனிமேல் சனிக்கிழமை தன்னுடையது என்று பிரின்ஸ் முடிவு செய்துவிட்டான். கல்யாணமான பத்து வருடத்தில் அவன் சொந்தமாக எடுத்த முதல் முடிவு இது. அதனால் அதை வெளியில் சொல்லவில்லை. முக்கியமாக, மனைவி மகிமாவிடம் சொல்லவில்லை.

போடியில் ஓர் ஏலக்காய் ஏல நிலையம். வியாபாரிகள் ஏலம் கேட்பதற்கு அங்கே நாற்பத்திரண்டு கம்ப்யூட்டர்கள், ஒன்றோடொன்று இணைத்து வைத்தவை. அவற்றைக் கட்டி மேய்ப்பதுதான் பிரின்ஸின் உத்தியோகம். ஏலம் இல்லாத சனிக்கிழமைகளில் ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார்ந்து, பதிவுகளுக்கு நகல் எடுத்து, குப்பையை நீக்கி, அப்டேட்டுகளை ஏற்றி, அணைத்துப் போடவேண்டும். நாற்பத்திரண்டாவதை முடிக்கும்போது முதலாவதன் முகமே மறந்துபோயிருக்கும்.

மூன்று வாரம் மூளையைக் கசக்கி, வேலைகளையெல்லாம் ஓர் அட்டவணையாக்கி ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றினான். இப்போது எல்லாம் தானாகவே நடக்கும்! காலை பத்து மணிக்கு முதல் ஆறு கம்ப்யூட்டர்கள் வேலையைத் தொடங்கும். அவை முடித்தால்தான் அடுத்த ஆறு. எல்லாம் ஒரே நேரத்தில் தொடங்கினால், கல்யாணப் பந்திக்கு ஓடும் கூட்டம் மாதிரி லைன் அடைத்துக்கொள்ளும். ஏதாவது ஒன்று முரண்டு பிடித்தால், கால் மணி நேரம் பொறுத்து மறுபடி முயலும். முதலாளிக்கும் ஆட்சேபம் இல்லை. "வேலை முடிஞ்சாச் சரி. நீ எதுக்கு நின்னு வேடிக்கை பாக்குற?" என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் இதைச் சொல்ல முடியுமா? சும்மா இருக்கும் புருஷனைக் கண்டால் மகிமாவுக்கு உடனே மாடித் தண்ணீர்த்தொட்டி ஞாபகம் வந்துவிடும்.

ஆகவே பிரின்ஸ் அட்டவணையில் நாற்பத்து மூன்றாவதாக ஒரு வேலையைச் சேர்த்தான். ஆபீஸ் கம்ப்யூட்டரில் அவனுடைய வாட்ஸ்அப் திறந்தே இருக்கும். பத்து மணிக்கு மகிமாவுக்கு, "வந்து சேந்துட்டேன்" என்று செய்தி போகும். பதினொன்றரைக்கு, "தலைக்கு மேல வேலை." சனிக்கிழமை என்றால் அவள் புளிசோறுதான் கட்டுவாள். எனவே ஒன்றேகாலுக்கு, "சாப்பிட்டேன். புளிசோறு பிரமாதம்." நாலரைக்கு, "கிளம்பிட்டேன்." நடுவில் அவள் ஏதாவது கேட்டால்? அதற்கும் ஒரு பதில் வைத்தான். பத்து வருட ஆராய்ச்சியில், மகிமாவின் எந்தக் கேள்விக்கும் பொருந்திய ஒரே பதில்: "சரிம்மா."

சனிக்கிழமை விடிந்தது. பழனிசெட்டிபட்டி வீட்டு வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன, இம்புட்டு சந்தோசமாக் கிளம்புறீக?" என்றாள் மகிமா.

"நாப்பத்திரண்டு கம்ப்யூட்டரு, மகிமா! நெனச்சாலே முதுகு விண்ணு விண்ணுங்குது."

"முதுகு வலிக்கிற ஆளு விசிலடிப்பாகளா?"

"வலி தெரியாம இருக்கத்தான்."

மேலும் கேள்வி வருவதற்குள் பைக் பறந்தது. போடிக்கு அல்ல. கம்பம் சாலையில், நேரே சுருளிப்பட்டிக்கு! அங்கே நண்பன் சுருளிராஜனின் திராட்சைத் தோட்டம். பந்தலுக்குக் கீழே குளுகுளுவென்று நிழல். நிழலில் ஒரு கயிற்றுக் கட்டில்.

ஃபோன் கிணுகிணுத்தது. ஆறு முடிந்தது. கொஞ்ச நேரத்தில் பன்னிரண்டு! பிரின்ஸ் கட்டிலில் எழுந்தே நின்றுவிட்டான்.

"ராஜா, பாருடா! நான் இங்கன கெடக்கேன், அங்கன வேலை நடக்குது!"

"அதுக பாடுபடுதுக, நீ சம்பளம் வாங்குற," என்றான் சுருளிராஜன். "எங்க மாட்டுக்கும் இந்த வித்தையச் சொல்லிக் குடு. தானாப் பாலக் கறந்து வைக்கட்டும்."

நண்பன் வீட்டில் கோழிக் குழம்பு. சாப்பிட்டுப் படுத்தவன் மூன்று மணிக்குக் கண் விழித்தான். நாற்பத்திரண்டும் முடிந்திருந்தன. ஆடலாம் போலிருந்தது. அந்த உற்சாகத்திலேயே மகிமாவுக்குப் போன செய்திகளைத் திறந்தான்.

"சாப்பிட்டேன். புளிசோறு பிரமாதம்."

"அப்படியா? உப்புக் கூடிருச்சா, கொறஞ்சிருச்சா?"

"சரிம்மா."

"என்னங்க, நீங்க யாரு?"

"சரிம்மா."

 பத்து நிமிடம் கழித்து அடுத்த கேள்வி வந்திருந்தது.

"எங்கம்மா ஒரு மாசம் இங்கன வந்து இருக்கட்டுமா?"

"சரிம்மா."

"மாடித் தொட்டிய நீங்களே உள்ள இறங்கிக் கழுவிருவீகளா?"

"சரிம்மா."

"சனிக்கிழமைதோறும் சர்ச் ஹால்ல பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தர ஆள் தேடுறாக. நீங்க வருவீகன்னு பாஸ்டர்கிட்டச் சொல்லிரவா?"

"சரிம்மா."

"சொல்லிட்டேன். ரொம்பச் சந்தோசப்பட்டாக."

"சரிம்மா."

பிரின்ஸ் கட்டிலைவிட்டுத் துள்ளி எழுந்தான். சனிக்கிழமை போச்சு! ஒன்றல்ல, உலகத்தில் உள்ள அத்தனை சனிக்கிழமையும் போச்சு!

பைக்கை முறுக்கினான். நான் அனுப்பவில்லை என்று சொல்லலாமா? அப்படியானால் அனுப்பியது யார்? சின்னமனூரில் ஒரு பொய் தயாரானது. வீரபாண்டி வருவதற்குள் அதில் மூன்று ஓட்டை தெரிந்தது.

வீட்டுக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றான். சாப்பாட்டு மேசைமேல் அவனுடைய டிபன் பாக்ஸ். காலையில் அவசரத்தில் விட்டுப்போனது. மூடிகூடத் திறக்கவில்லை.

"வாங்க," என்றாள் மகிமா. "புளிசோறு பிரமாதமாமே?"

"அது... நேத்து மிச்சம்..."

"நேத்து தோசையில்ல சுட்டேன்?"

"மகிமா, அத விடு. சனிக்கிழமை நான் எப்படிச் சர்ச் ஹாலுக்கு வர முடியும்? ஆபீஸ்ல நான் இல்லாட்டி ஒரு கம்ப்யூட்டரு அசையாது. நெசமா இப்பத்தான் எல்லாத்தையும் முடிச்சிட்டு வாரேன்!"

மகிமாவின் கையில் ஃபோன் கிணுகிணுத்தது. மணி நாலரை. அவள் நிதானமாக, பிள்ளைகளுக்குப் பாடம் படித்துக் காட்டுவதுபோல் வாசித்தாள்.

"கிளம்பிட்டேன்."

பிரின்ஸ் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். முதல் ஆறு கம்ப்யூட்டரிலிருந்து கயிற்றுக் கட்டில்வரை ஒன்றுவிடாமல் ஒப்பித்தான். மகிமா திட்டவில்லை. கன்னத்தில் கைவைத்து, கண் விரியக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"தப்புத்தான் மகிமா. திங்கக்கிழமை போனதும் அந்தப் பதில் சொல்ற வேலைய மொதல்ல அழிச்சிருறேன்."

"ஐயய்யோ, அழிச்சுப்புடாதீக!" என்று பதறி எழுந்தாள் மகிமா. "பத்து வருசத்துல இன்னைக்குத்தான் ஒரு சண்டை இல்லாம இம்புட்டுக் காரியம் முடிவாயிருக்கு. இனிமே எதுன்னாலும் நான் அந்தச் சரிம்மா சொல்றவுககிட்டயே கேட்டுக்கிறேன். நீங்க செஞ்சா மட்டும் போதும்."