லெந்து காலத்துக் கறிவேப்பிலை

சர்ச்சில் சந்தேகம் கேட்பதைக்கூட மன்னித்துவிடுவார்கள். சீரியல் கதையைத் தப்பாகச் சொன்னால் மன்னிப்பே கிடையாது. தாம்பரத்தில் எங்கள் சபையார் அத்தனை பேர் முன்னாலும் நின்று இதைத் தெரிந்துகொண்டவன் நான்.

இரண்டாயிரத்துச் சொச்சம். அப்பா வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். தினமும் குடும்ப ஜெபத்தில் அழுது கேட்டும் வேறு வேலை கிடைக்கவில்லை. ஆண்டவர் ஏன் பதிலே சொல்லவில்லை? யாரைக் கேட்டாலும், "விசுவாசம் வேணும் தம்பி" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்து, வாலிபர் ஞாயிறுக்கு என்னைப் பிரசங்கம் செய்யச் சொன்னார்கள். பைபிளில் பாவமே செய்யாமல் கஷ்டப்பட்ட யோபுவைப் பற்றிப் பேசினால் தூங்கிவிடுவார்கள். ஒன்பது மணி சீரியலின் கதாநாயகியும் ஒரு பாவமும் செய்யாமல் வருஷக்கணக்கில் அழுகிறாளே, அவளை வைத்தே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. (அப்போது அது பெரிய ஐடியா.)

ஒரே சிக்கல், அது லெந்து காலம், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு. பெண்கள் சங்கச் செயலாளரான அம்மா, ஈஸ்டர் வரை யாரும் சீரியல் பார்ப்பதில்லை என்று சங்கத்தையே ஆண்டவரிடம் சத்தியம் செய்து பொருத்தனை பண்ண வைத்திருந்தார். எங்கள் டிவிக்குப் போர்வை போர்த்தியாயிற்று. அம்மா மட்டும் தினமும் ஒன்பது மணிக்குப் பக்கத்து வீட்டுக்குக் கறிவேப்பிலை வாங்கப் போவார். (ஃப்ரிட்ஜைத் திறந்தால் கறிவேப்பிலைதான். நாங்களும் நம்பினோம்.) அதனால் நான் முடிச்சூர் நண்பன் ஒருவனிடம் கதை கேட்டுக்கொண்டு போய்ப் பிரசங்க மேடை ஏறினேன்.

"வெள்ளிக்கிழமை அந்தப் பொண்ணுக்கு மாமியார் பால்ல விஷம் வெச்சாங்க. 'சாமி, நீ எங்க இருக்க?'ன்னு கதறினா." (கதறியது அம்மன் கோயிலில். அதை நாசூக்காக விட்டுவிட்டேன்.) "ஆண்டவர் ஏன் சும்மா இருந்தார்? நம்ம வீட்லயும் ஏன்..."

முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"மாமியார் இல்லடா, நாத்தனார்!"

அம்மா.

"ஆமா தம்பி, மாமியார் ஊர்லயே இல்லயே" என்றார் போதகரின் மனைவி. "பால்ல இல்ல, பாயசத்துல" என்று பின்னாலிருந்து ஒரு திருத்தம். பெண்கள் பக்கம் முழுக்க விவாதம் கிளம்பிவிட்டது. அடப் பாவிகளா, ஒருத்தர்கூடப் பொருத்தனையைக் காப்பாற்றவில்லையா! போதகர் அவசரமாகப் பாட்டு நம்பரை அறிவித்தார். என் கேள்வி பாதியிலேயே நின்றது.

அன்றைய குடும்ப ஜெபத்தில் அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, நான் சீரியல் பார்த்தது தப்பு. புள்ள கேட்டது தப்பில்ல. பதில் சொல்லும், எனக்கும் தெரியணும்" என்றார். பல மாதமாக வாய்க்குள்ளேயே ஆமென் சொல்லிக்கொண்டிருந்த அப்பா, அன்றுதான் சத்தமாகச் சொன்னார்.

இன்றைக்கும் யாராவது எங்கள் வீட்டில் உட்கார்ந்து, ஆண்டவர் இன்ன காரணத்துக்காகத்தான் இந்தக் கஷ்டத்தைக் கொடுத்தார் என்று விளக்க ஆரம்பித்தால், அம்மா கறிவேப்பிலை உருவியபடியே, கதை தெரியாமல் கதை சொல்கிறார்கள் என்பதுபோல் என்னைப் பார்த்துச் சொல்வார்.

"மாமியார் இல்லடா, நாத்தனார்."