டயர் இல்லாத பஸ்

கிள்ளான் வட்டாரத்தில் டயர், இன்ஜின், ரோடு மூன்றும் இல்லாமல் ஒரு முழு பஸ்ஸை நடத்திய ஒரே மனிதர் எங்கள் டிங்டிங் அங்கிள்தான். அந்த பஸ் ஓர் அங்குலம்கூட நகர்ந்ததில்லை. ஆனாலும் அதில் ஜன்னலோர சீட்டுக்கு எழுபது வயதுக்காரர்கள் அடித்துக்கொண்டார்கள்.

நான் அதில் ஏறக் காரணம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி பதினெட்டு நிமிடம். நேரம் துல்லியமாகத் தெரியும். விழுந்து கிடந்த என் மூக்குக்கு நேரே கிடந்த கைப்பேசி அதைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

பாசாரில் கங்கோங் கீரை வாங்கிக்கொண்டு படி இறங்கும்போது மகள் ஷாமினி கைப்பேசியில் கூப்பிட்டாள். தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலையில் அவளுக்குப் புது வேலை. கார் ஓட்டத் தொடங்கி இரண்டாவது வாரம். அந்தச் சாலையில் கண்டெய்னர் லோரிகள் போகிற போக்கு ஊருக்கே தெரியும். "ம்மா, பயப்படாதீங்க, ஒண்ணும் இல்ல. ஆனா..." என்றாள். அந்த 'ஆனா'விலேயே நான் விழுந்துவிட்டேன். "...சாப்பாட்டு டப்பாவ வீட்லயே வச்சிட்டு வந்துட்டேன்" என்று மீதியைத் தரையிலிருந்துதான் கேட்டேன்.

மணிக்கட்டு சுளுக்கு மூன்று வாரத்தில் சரியாகிவிட்டது. தைரியம் சரியாகவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் சுவரைப் பிடித்து, ஐஸ் பெட்டியைப் பிடித்து, கதவின் இரும்புக் கம்பியைப் பிடித்து நடந்தேன். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான். குளியலறைக்குப் போகக்கூட அவள் வரும்வரை காத்திருந்தேன். கடைசியில் அவளே சொன்னாள்: "மாசக் கடைசிவரைக்கும் பாக்குறேன்மா. அப்பவும் இப்படித்தான்னா வேலைய விட்டுடுறேன். லெட்டர் அடிச்சு வச்சிட்டேன்."

கிளினிக்கில் பிசியோதெரபி பெண் விளக்கினாள். "ஆன்டி, காலுக்கு மட்டும் பயிற்சி போதாது லா. கவனம் வேற எங்கயோ போறப்பதான் விழுறீங்க. நடக்கிறப்பவே மூளைக்கும் வேலை குடுங்க. நூறுலேருந்து மூணு மூணா கழிச்சிக்கிட்டே நடங்க." தொண்ணூற்றேழில் நான் நாற்காலியைத் தேடினேன்.

திரும்பி வரும்போது குடியிருப்பின் வாசலில் ஒரு மெலிந்த கிழவர் என் பக்கத்தில் நடந்து வந்தார். காக்கிச் சட்டை, கழுத்தில் விசில். "தங்கச்சி, முந்தாநாள் ராத்திரி என்ன சாப்பாடு?"

நின்று யோசித்தேன்.

"நின்னுட்டியா? அப்ப நீ நம்ம ஆளு. பதில் சொல்ல நிக்கிறவங்கதான் விழுவாங்க. நாளைக்கு நாலரைக்கு நம்ம குடியிருப்பு மண்டபத்துக்கு வா. லேட்டா வந்தா பஸ் நிக்காது."

இப்படித்தான் டிங்டிங் அங்கிள் ஆள் பிடிப்பார். இருபத்தெட்டு வருடம் பஸ் கண்டக்டர். ஓடுகிற பஸ்ஸில் ஒரு கம்பியையும் தொடாமல் நின்று, யார் எங்கே ஏறினார்கள், எங்கே இறங்குவார்கள் என்று அறுபது தலைகளை மனதில் வைத்திருந்தவர். "ஒரு நாள் விழுந்ததில்ல. ஏன்? காலும் மண்டையும் ஒண்ணா டூட்டி பாத்துச்சு" என்பார். எழுபத்தேழு வயதிலும் ஒற்றைக் காலில் நின்றுதான் செருப்பு மாட்டுவார்.

ஆள் பிடிப்பதில் அவருக்கு இடம், பொருள் கிடையாது. ஒரு கல்யாணத்தில் சீர்த்தட்டு வரிசைக்கு முன்னால் நடந்த மாப்பிள்ளையின் பெரியப்பாவிடம், "அண்ணே, ஒங்க மொத மோட்டார் சைக்கிள் நம்பர் என்ன?" என்று கேட்டுவிட்டார். பெரியப்பா சட்டென்று நின்றார். பின்னால் வந்த பதினோரு தட்டுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக மோதின. ஓர் அன்னாசிப்பழம் உருண்டு மேளக்காரர் மடியில் போய் உட்கார்ந்தது. பெண் வீட்டார் அடிக்க வந்தபோது அங்கிள் அமைதியாகச் சொன்னார்: "இன்னிக்கி விழுந்தது அன்னாசி. அடுத்தது அண்ணன்தான்." மறுவாரம் அந்தப் பெரியப்பா, குருசாமி அண்ணன், எங்கள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

பஸ் என்பது மண்டபத்தில் இரண்டு வரிசை பிளாஸ்டிக் நாற்காலி, நடுவே ஒரு வழி. ஜன்னல் கம்பியில் ஒரு சைக்கிள் மணி. ஒரு டிங் என்றால் நிற்க வேண்டும், இரண்டு டிங் என்றால் புறப்பட வேண்டும். எட்டுப் பயணிகளும் ஏறும்போது இறங்கும் இடத்தைச் சொல்வார்கள். அன்றைய கண்டக்டர், குதிகாலை மற்றக் கால் விரலோடு ஒட்டி ஒட்டி வைத்து நடுவே நடந்துகொண்டே அத்தனையையும் நினைவில் வைக்க வேண்டும். எதையும் பிடிக்கக் கூடாது. அங்கிள் "வளைவு!" என்றால் சாய வேண்டும், "பிரேக்!" என்றால் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். நிறுத்தத்தின் பெயரைச் சொன்னதும் சரியான ஆளின் தோளைத் தட்டி இறக்கிவிட வேண்டும்.

தவறாக இறக்கினால் பயணிகள் சும்மா இருக்க மாட்டார்கள். ஒருமுறை குருசாமி அண்ணனை போர்ட் கிள்ளானில் தட்டிவிட்டேன். "நான் பிரிக்பீல்ட்ஸ்னு சொன்னேன்! இங்க எறங்கி கடல்லயா குதிக்கச் சொல்றே?" என்று எழுந்திருக்கவே மறுத்துவிட்டார். ஓய்வு பெற்ற மாலா டீச்சர், "புகார் எழுதித் தரட்டுமா?" என்று பேனாவைத் திறந்தார்.

இன்னொரு நாள் வெளியே ஐஸ்கிரீம்காரரின் மோட்டார் சைக்கிள் இரண்டு முறை மணி அடித்தது. அன்று பயணிகளும் எழுந்து, எல்லாரும் ஒற்றைக் காலில் 'பிரேக்'கில் நின்றிருந்த நேரம். ஒன்பது பேரும் ஒரே சமயத்தில் புறப்பட்டுவிட்டோம். குருசாமி அண்ணன் கதவைத் தாண்டியும் நிற்காமல் போய், கையில் ஒரு கோன் ஐஸ்கிரீமோடு திரும்பி வந்தார்.

எல்லாரும் தேறினார்கள், நான் தேறவில்லை. என் பையில் கைப்பேசி சிணுங்கினால் போதும், மனம் தெலுக் பங்லிமா காராங் போய்விடும், கை நாற்காலியைப் பிடித்துவிடும். அங்கிள் இரண்டு வாரம் கவனித்தார். பிறகு சொன்னார்: "தங்கச்சி, ஒன் மண்டையில ஏற்கெனவே ஒரு பாசெஞ்சர் ஒக்காந்திருக்கு. டிக்கெட்டும் எடுக்கல, எறங்கவும் மாட்டுது."

"என் பொண்ணுண்ணே. எப்படி நெனைக்காம இருக்கிறது?"

"யாரு நெனைக்க வேணாம்னா? அவளுக்கும் ஒரு சீட்டு போட்டுடு."

கடைசி வரிசையில் ஒரு நாற்காலியைக் காலியாக வைத்தார். அன்றிலிருந்து எனக்கு ஒன்பது பயணிகள். தொழிற்சாலை கேட், லோரிகள் திரும்பும் சிக்னல், பாலம், எண்ணெய் நிலையம், வீடு. அந்த நாற்காலியின் பயணத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டே நடக்க வேண்டும். மாதக் கடைசிக்கு ஆறு நாள் இருந்தபோதும் என் கை எதையாவது தேடிக்கொண்டுதான் இருந்தது.

அன்று ஐந்தரைக்கு வகுப்பு முடிந்தது. ஷாமினி ஆறு மணிக்கு வந்து அழைத்துப் போவதாகப் பேச்சு. மழை கொட்டியது. ஆறேகால். நான் கூப்பிட்டால் அவள் கைப்பேசி அடிக்கவே இல்லை. ஆறரை. நாற்காலியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன்.

மாலா டீச்சர் குடையை எடுத்தார். டிங் டிங்.

"எல்லாரும் ஒக்காருங்க," என்றார் அங்கிள். "ஒரு பாசெஞ்சர் இன்னும் வரல. அதுவரைக்கும் பஸ் டிப்போவுக்குப் போவாது."

"யோவ், எனக்கு அவசரமா ஒண்ணுக்குப் போவணும்!" என்றார் குருசாமி அண்ணன்.

"அடுத்த ஸ்டாப்ல போங்க. தங்கச்சி, நீதான் கண்டக்டர். நட."

நடந்தேன். வேறென்ன செய்ய? எட்டுப் பேரும் ஏறினார்கள், இறங்கினார்கள், மறுபடி வேறு ஊர்களுக்கு ஏறினார்கள். வாய் ஊர்ப் பெயர்களைச் சொன்னது. உள்ளே கேட், சிக்னல், பாலம். "வளைவு!" சாய்ந்தேன். "பிரேக்!" நின்றேன். அரை மணி நேரம் கழித்து குருசாமி அண்ணன் நிஜமாகவே இறங்கிப் போய்விட்டு, நிஜமாகவே திரும்பி வந்து சீட்டில் உட்கார்ந்தார். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. எத்தனை முறை அந்த வழியில் போய் வந்தேன் என்று எனக்குத் தெரியாது.

ஏழு இருபதுக்குக் கதவு திறந்தது. தலையிலிருந்து தண்ணீர் சொட்ட ஷாமினி நின்றாள். "சாரிமா, லோரி ஒண்ணு குறுக்க சாஞ்சு ரோடே ஜாம். போன்ல பேட்டரியும்..." பாதியில் நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். "ம்மா, ஒத்தக் கால்ல நிக்கிறீங்க. எதையும் பிடிக்கல."

அப்போதுதான் என் கைகளைப் பார்த்தேன். இரண்டும் சும்மா இருந்தன.

"அந்த லெட்டர கிழிச்சிடவா?" என்றாள்.

தலையாட்டிவிட்டு அங்கிளைத் திரும்பிப் பார்த்தேன். இருபத்தெட்டு வருடம் ஒரு கம்பியையும் தொடாதவர், ஒரு கையில் மணியும் மறு கையில் ஜன்னல் கம்பியுமாக நின்றிருந்தார். விரல்கள் வெளுக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தார். ஒரே ஒரு டிங் அடித்தார்.

கத்திக் கத்தி அவர் தொண்டை கட்டிப்போயிருந்தது. "உள்ள போம்மா, உள்ள போ," என்றார் என் மகளிடம். "மழையில நிக்காத. ஒன் சீட்ட யாருக்கும் குடுக்கல."