மாடிவீட்டு டப்பா

தெருவில் போகிறவன் காலை ஒரு பார்வை பார்த்தால் போதும், அளவைச் சொல்லிவிடுவார் செருப்புக் கடைக்காரர். அப்பேர்ப்பட்ட கண் காய்கறியைக் கண்டால் மட்டும் மூடிக்கொள்ளும்.

"ரத்தக் குழாயில கொழுப்பு. தினமும் பழம், காய் சாப்பிடணும்" என்றார் டாக்டர்.

"நான் என்ன ஆடா, மாடா?" என்று கேட்டுவிட்டு வந்தார்.

மனைவி இடுப்பில் இருந்த பெண் குழந்தையைக் காட்டினாள்.

"இவ இன்னும் பள்ளிக்கூட வாசலை மிதிக்கலைங்க. அதுக்குள்ள உங்க இதயம் லீவு போட்டுட்டா?"

"போடாது. நீ போய் வேலையைப் பாரு."

அவள் பார்த்தாள்.

மறுநாள் காலை அவர் கையில் ஒரு டப்பா. உள்ளே பப்பாளி, வெள்ளரி, கேரட், உதிர்த்த மாதுளை. பூக்கோலம் தோற்றுப்போகும்.

"எனக்கு வேண்டாம்னு சொன்னேன்ல?"

"உங்களுக்கு யாரு கொடுத்தா? மாடிவீட்டுக்காரருக்கு. பத்திரிகை ஆபீஸ்ல ராத்திரி வேலை, பாவம், அவருக்கும் இதயக் கோளாறாம். வாசல்ல வச்சிட்டு வாங்க. பகல்ல தூங்குவார், தட்டாதீங்க."

மூச்சு வாங்க மாடி ஏறினார். வாசலில் ஒரு ஜோடி கறுப்பு ஷூ. எட்டாம் நம்பர். 'நம்ம அளவேதான். ஆனா என்ன மினுக்கு! ஷூவே இப்படின்னா ஆளு எப்படியோ!' வயிறு எரிந்தது. கட்டின புருஷனுக்கு என்றைக்காவது மாதுளை உதிர்த்திருப்பாளா? அவன் தின்னக் கூடாது! படியிலேயே உட்கார்ந்து, வெள்ளரி உட்பட, வழித்து நக்கினார்.

சாயங்காலம் காலி டப்பாவை நீட்டினார். "பப்பாளி பிடிக்கலையாம். சீட்டு எழுதி வச்சிருக்கார்."

"ஐயோ! நாளைக்குக் கொய்யா வைக்கிறேன். மிளகுத்தூள் தூவட்டுமா?"

"தூவு, தூவு. எனக்கென்ன!" பல்லைக் கடித்தார். மறுநாள் கொய்யாவையும் கடித்தார்.

மூன்று மாதம் இப்படியே ஓடியது. ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "இதயம் குதிரை மாதிரி ஓடுது!" என்று கை குலுக்கினார்.

வீட்டுக்கு வந்ததும் இத்தனை நாள் அடக்கி வைத்தது வெடித்தது. "கேட்டுக்கோ! உன் மாடிவீட்டுக்காரனுக்கு ஒரு துண்டு போகலை. அத்தனையும் நான்தான் தின்னேன்!"

அவள் குழந்தைக்கு வாய் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அவர் காலி பண்ணிட்டுப் போயே மூணு மாசத்துக்கு மேல ஆச்சுங்க."

"அப்போ... அந்த ஷூ?"

"நம்ம கல்யாணத்துக்கு நீங்க வாங்கினது. தினம் நான்தான் துடைச்சு வச்சேன். ஏங்க, பார்த்ததுமே அளவு சொல்ற ஆளாச்சே நீங்க?"